சுண்டு விரலுக்கு இடமில்லை

இரண்டு கையிலும் தட்டைக் கொடுத்துவிட்டார்கள். ஆப்பிளும் மாதுளையும் அடுக்கி, நடுவில் ஓர் அன்னாசியை நிறுத்தி, கண்ணாடித்தாள் சுற்றி ரிப்பன் கட்டிய தட்டு. அன்னாசியின் கொண்டை சரியாக என் மூக்குக்கு நேராக நிற்கிறது. பத்துத் தட்டுதான் கொண்டுவந்தோம், ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்று காரில் கிடந்த பழத்தையெல்லாம் திரட்டிப் பதினோராவது ஒன்று தயார் செய்தார்கள், தூக்க ஆள் இல்லை, வெறுங்கையோடு நின்றவள் நான் ஒருத்திதான். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வெறுங்கையோடு வாசற்படி மிதிக்கக் கூடாதாம். நான் மாப்பிள்ளை வீட்டுப் பெண்ணே இல்லை. ஆயுதப்படைத் தலைமைக் காவலர் முத்துராக்கு. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி திரிபுரசுந்தரி அம்மாவுக்கு மெய்க்காவல். வலது இடுப்பில் பட்டுப்புடவைக்கு அடியில் ஆறு குண்டு போட்ட குட்டித் துப்பாக்கி இருக்கிறது, அதை எடுக்க வேண்டிய கையில் அன்னாசி இருக்கிறது. இந்த நிமிஷம் எவனாவது அம்மா மேல் பாய்ந்தால் என்ன செய்வேன்? அன்னாசியைத்தான் எறிய வேண்டும். எறிந்தால் நன்றாகவே படும், அதில் எனக்குச் சந்தேகமில்லை, என் கைக்கு அடங்கின அளவில் இருக்கிறது அது. அடங்காதது துப்பாக்கிதான். அதை நினைக்காதே, படியைப் பார்த்து ஏறு, கோலத்தை மிதிக்காதே, சிரி. ஒன்பது மணியிலிருந்து நீ அம்மாவின் அக்கா மகள். அக்கா மகள் பல்லைக் கடித்துக்கொண்டு வரமாட்டாள்.

முதலில் அண்ணன் மகள் என்றுதான் சொல்வதாக இருந்தது. காரில் வரும்போது அம்மா சாதாரணமாகச் சொன்னார், "ராக்கு, யாராவது கேட்டா என் அண்ணன் பொண்ணுன்னு சொல்லிடு." முன் சீட்டில் இருந்த இளமாறன் தம்பி, அதுதான் மாப்பிள்ளை, விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மா, அண்ணன் பொண்ணுன்னா எனக்கு முறைப்பொண்ணு. கைவசம் இருந்த முறைப்பொண்ண ஏன் வெளிய குடுத்தீங்கன்னு கேப்பாங்க." சட்டப் புத்தகம் அத்தனையும் தலைகீழாகத் தெரிந்த அம்மாவுக்கு அது தோன்றவில்லை. அப்புறம்தான் அக்கா மகளாக்கினார்கள். அப்போது மாப்பிள்ளைக்கு நான் அக்கா முறை, அம்மா எனக்குச் சித்தி. கார் தெப்பக்குளம் தாண்டும்வரை சித்தி, சித்தி என்று வாய்க்குள் சொல்லிப் பழகினேன், ஆனாலும் அம்மா என்னைக் கூப்பிட்டால் குதிகால் இரண்டும் தானாக ஒட்டிக்கொள்கிறது, மேடம் என்று நாக்கு நுனிக்கு வந்துவிடுகிறது. இத்தனை நாடகமும் எதற்கு என்றால் இரண்டு கடிதத்துக்காக. அம்மா கடைசியாக எழுதிய தீர்ப்பில் ஒரு நில அபகரிப்புக் கும்பல் உள்ளே போனது, போன பிறகு பெயரில்லாமல் இரண்டு கடிதம் வந்தது, உன்னையும் உன் வீட்டில் இருப்பவர்களையும் விடமாட்டோம் என்று. அதற்குத்தான் நான். அது பெண் வீட்டுக்குத் தெரியாது. தெரிந்தால் எவர் தன் பெண்ணை அந்த வீட்டுக்கு அனுப்புவார் என்று அம்மாவுக்குப் பயம். ஒரே மகன், முப்பத்திரண்டு வயது, இப்போதுதான் ஒன்று அமைந்திருக்கிறது. "நிச்சயம் முடியட்டும், நானே பக்குவமா சொல்லிக்கிறேன்" என்றார். முப்பது வருஷம் கூண்டில் நின்றவர்களையெல்லாம் உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்ட அம்மா அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

தட்டை வாங்கிக்கொண்டார்கள், அப்பாடா. கை திரும்பவும் எனக்கே கிடைத்தது. கூடம் முழுக்க ஜமக்காளம் விரித்து நாற்பது பேர் தரையில். அம்மாவுக்கு முட்டி வலி என்று நாற்காலி போட்டிருக்கிறார்கள், நான் அவர் கால்மாட்டில், சுவரை ஒட்டி, வாசலும் அடுப்படிக் கதவும் தெரிகிற மாதிரி. உட்காரும்போதுதான் குட்டியின் அருமை தெரிகிறது. வழக்கமாக நான் கட்டுவது பெரியவரை. ஆயுதக் கிடங்கில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம், பெரிய துப்பாக்கி பெரியவர், சின்னது குட்டி. பெரியவரைப் பிடித்தால் கை நிறையப் பிடிக்கலாம். கைப்பிடி உள்ளங்கையை நிரப்பும், ஐந்து விரலுக்கும் ஆளுக்கொரு இடம், சுட்டால் தோள் வரைக்கும் ஒரு தள்ளு, அவ்வளவுதான், அடுத்த குண்டுக்கு அவர் பழைய இடத்துக்கே வந்து நிற்பார். ஆனால் பெரியவரைக் கட்டிக்கொண்டு சம்மணம் போட முடியாது. அடிவயிற்றில் குத்துவார். பட்டுப்புடவைக்குள் அவர் ஒளியவும் மாட்டார், ஆட்டுக்கல் குழவியை முந்தானைக்குள் வைத்த மாதிரி நிற்பார். குட்டியோ இருக்கிற இடம் தெரியாது. சீப்பு அளவு. உடம்போடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். எடுத்தால்தான் வம்பு. இரண்டு விரல் பிடிப்பதற்குள் கைப்பிடி முடிந்துவிடும், மோதிர விரல் பாதி தொங்கும், சுண்டு விரலுக்கு இடமே இல்லை. அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும், டீ குடிக்கும் துரை மாதிரி. சின்னக் கைக்காரிகளுக்குச் சரி. என் கை அப்படியா? கபடி கோட்டாவில் வேலைக்கு வந்த கை. பரமக்குடிப் பக்கம் எந்த ஊர் மைதானத்திலும் கேட்டுப் பாருங்கள், ராக்கு கணுக்காலைப் பிடித்தால் புழுதிதான் விடும், ராக்கு விடமாட்டாள் என்பார்கள். வளையல் கடையில் என் அளவு கேட்டால் கடைக்காரர் ஆண்கள் காப்பு இருக்கும் பக்கம் போவார். அந்தக் கையைப் போய்க் குட்டிக்குள் அடை என்றால் எப்படி அடையும்.

போன வியாழன் துப்பாக்கி ரேஞ்சில் பத்துக்கு நாலு. அதை நினைக்கக் கூடாது என்றுதான் காலையிலிருந்து அன்னாசி, கோலம், சித்தி என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டிருக்கிறேன். பெரியவரில் எப்போதும் ஒன்பது, நல்ல நாளில் பத்து. குட்டியை முதல் முதலாக எடுத்துச் சுட்டபோது முதல் குண்டு அட்டையில், இரண்டாவது அட்டைக்கு மேலே மண்மேட்டில். பிடி நழுவுகிறது, நழுவினதைச் சரிசெய்வதற்குள் அடுத்ததை அழுத்திவிடுகிறேன், கட்டை விரல் கவட்டியில் ஒரு கீறல் வேறு. ஆயுதக் கிடங்கு தங்கமாரி ஏட்டையா அட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏத்தா ராக்கு, என்ன இது, தென்னமரத்துல ஒண்ணு பனமரத்துல ஒண்ணா" என்றார். அப்புறம் குரலை இறக்கி, "அம்மாட்ட சொல்லிரு. வெளிய தெரியாம இருக்கணும்னா சின்னக் கையா ஒரு புள்ளயப் போடட்டும். உசுரு விஷயம்" என்றார். சரி ஏட்டையா என்றேன். சொல்லவில்லை. வியாழன் போய் வெள்ளி, சனி, இன்றைக்கு ஞாயிறு. ஏன் சொல்லவில்லை? இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. அம்மாவைப் பிடித்திருக்கிறது. காலையில் நடக்கப் போகும்போது எனக்கும் சேர்த்து நீர்மோர் கொண்டுவருவார், நான் பத்தாவதில் விட்ட ஆங்கிலத்தைத் தினமும் செய்தித்தாளை வைத்துக்கொண்டு நான்கு வரி வாசிக்க வைப்பார், தப்பாக வாசித்தால் ஆட்சேபம் என்பார். இரண்டு வருஷம். அங்கே இன்னொருத்தி நின்று ஆட்சேபம் கேட்பதா? அதனால் சொல்லவில்லை. அந்த நாலு தெரியாமல்தான் அம்மா இங்கே நாற்பது பேர் நடுவில் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். ராக்கு இருக்கிறாள் என்ற தைரியம். ராக்கு இருக்கிறாள், ஆனால் பத்துக்கு நாலாக இருக்கிறாள்.

"இந்தாத்தா, கொஞ்சம் திரும்பு." யாரோ பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்து இழுத்ததும் உடம்பு துள்ளிவிட்டது. பெண்ணின் அத்தை, பூரணத்தம்மாள், அறுபது வயது இருக்கும், மூக்கில் இரண்டு பக்கமும் பேசரி, இந்த வீட்டில் இவர் சொல்லாமல் அடுப்பு எரியாது போலிருக்கிறது. "கொசுவம் ஒரு பக்கமா தூக்கிருக்கு, இரு, சரிபண்ணி விடுறேன்." பயிற்சியில் எத்தனையோ சொல்லிக்கொடுத்தார்கள், கூட்டத்தில் எப்படி நிற்பது, யார் கையைப் பார்ப்பது, எந்தப் பக்கம் நகர்த்துவது. ஒரு கல்யாண வீட்டில் ஒரு பெண்ணின் புடவை கொஞ்சம் விலகியிருந்தால் பத்துப் பெண்கள் கேட்காமலே வந்து இழுத்து விடுவார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு எதிரியே இந்த அன்புதான். வந்ததிலிருந்து மூன்றாவது ஆள். "வேணாம் அத்தை, நானே பாத்துக்கிறேன்" என்று வலது முழங்கையால் இடுப்பை அணைத்துக்கொண்டேன். "அட, எம் பொண்ணு மாதிரி நீ, கூச்சம் என்ன" என்று கை நீண்டது. நான் சட்டென்று குனிந்து காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டேன். அத்தைக்கு மனசு குளிர்ந்துபோனது. "நல்லா இருத்தா. எத்தன புள்ளைக?" ஒரு பையன், ரெண்டாவது படிக்கிறான் என்றேன். அது ஒன்றுதான் காலையிலிருந்து நான் சொன்ன உண்மை. அத்தை போய்விட்டார், போகும்போது திரும்பி என் இடுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். பார்த்தாரா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா.

ஐயர் லக்கினப் பத்திரிகை வாசிக்க ஆரம்பித்துவிட்டார். நிகழும் மங்களகரமான என்று தொடங்கி மெதுவாக ஊர்ந்து போகிறது. அடுப்படியிலிருந்து கேசரி வாசம். வலது கை தொடையின்மேல், விரல்கள் புடவையின் ஓரத்தில். அங்கேதான் பிளவு இருக்கிறது. என் கல்யாணப் பட்டில் நானே கத்தரி வைத்த பிளவு, சாண் நீளம், உள்ளே இரண்டு அழுத்துப் பொத்தான். புடவையைத் தூக்கிக்கொண்டு தேட நேரம் இருக்காது, கை நேராக உள்ளே போக வேண்டும். என் வீட்டுக்காரர் கத்தரியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். "உங்கப்பா ரெண்டு ஆட்ட வித்து எடுத்த பட்டு ராக்கு" என்றார். பிறகு அவரேதான் ஊசி நூல் எடுத்துப் பொத்தான் தைத்தார், எனக்குத் தைக்க வராது, இந்தக் கைக்கு ஊசியும் அடங்காது. எழுந்தான். ஒருவன் எழுந்துவிட்டான். வாசல் பக்கம், நீலச்சட்டை, முப்பது வயது, இடது கையில் துணி சுற்றிய நீளமான ஏதோ. ஆட்களைத் தாண்டி அம்மா பக்கமாக வருகிறான். யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. என் கை உள்ளே போய்விட்டது, பொத்தான் தெறித்தது தெரிந்தது, குட்டியின் கைப்பிடி, இரண்டு விரல், மோதிர விரல் பாதி, சுண்டு விரல் எங்கே வைப்பது, எங்கே வைப்பது, கீழே ஒன்றுமில்லை, வெறும் பாவாடைத் துணி. உள்ளங்கை வியர்த்திருக்கிறது. இடையில் மூன்று குழந்தைகள். நாலு, பத்துக்கு நாலு. அவன் துணியை அவிழ்த்தான். அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கிற குத்துவிளக்கின் மேல் தண்டு, அன்னம் வைத்தது, துலக்கிக் கொண்டுவந்திருக்கிறான். விளக்கில் திருகி மாட்டிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே போய் உட்கார்ந்தான். ஐயர் வாசிப்பதை நிறுத்தக்கூட இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது. அன்னத்தைச் சுடப் பார்த்தேனே. அப்புறம் சிரிப்பு அடங்கியது. அவன் வேறு ஆளாக இருந்திருந்தால் அம்மா இப்போது இல்லை. அந்த மூன்று குழந்தைகளில் ஒன்றின் மேல் என் குண்டே பட்டிருக்கும். துப்பாக்கி நன்றாகத்தான் ஒளிந்திருக்கிறது, ஒருவருக்கும் தெரியவில்லை, ஆனால் அதனால் ஒருவருக்கும் பிரயோஜனமும் இல்லை. இன்றைக்குச் சாயங்காலம் சொல்லிவிடுகிறேன். இல்லை, சாப்பிட்டதும். இல்லை, காரில் போகும்போது.

"நாத்தனார் யாருப்பா, முன்னாடி வாங்க. பொண்ணுக்குப் பூ வைக்கணும்." பூரணத்தம்மாளின் குரல். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். ஏன் என்னைப் பார்க்கிறார்கள்? அக்கா முறை. அட கடவுளே. மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள் கிடையாது, பெரியம்மா மகள் நான் ஒருத்திதான் இருக்கிறேன், நான்தான் நாத்தனார். முறைப்பெண் வேண்டாம் என்று காரில் அவ்வளவு யோசித்தோம், நாத்தனாருக்கு என்ன வேலை என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் அப்போதுதான் புரிந்துகொண்டவர் போல இருந்தார். போ என்று கண்ணால் காட்டினார். எழுந்து போனேன். கையில் பூப்பந்தைத் திணித்தார்கள், மல்லிகை, நான்கு முழம் இருக்கும். இரண்டு கையையும் தூக்கினால் புடவை மேலே ஏறும், பொத்தான் வேறு தெறித்துக் கிடக்கிறது, பிளவு வாயைத் திறக்கும், நாற்பது பேர், ஒரு வீடியோக்காரர். பயம் அது மட்டும் இல்லை. பெண் சங்கமித்ரா எனக்கு முன்னால் மணையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாள். பிடரியில் பவுடர், பவுடருக்கு நடுவே ஒரு வியர்வைக் கோடு. இந்தப் பிள்ளை இன்னும் நாற்பது வருஷம் கழித்தும் ஆல்பத்தைத் திறந்து இவங்கதான் எனக்குப் பூ வச்ச நாத்தனார் என்று காட்டும். யார் வந்து போனாலும் வாசலில் போலீஸ் நிற்கிற வீட்டுக்கு வரப்போகிறது, அது தெரியாமல் தலையைக் குனிந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. கை எழும்பவில்லை. சித்தி என்றுதான் கூப்பிட நினைத்தேன்.

"மேடம்" என்று வந்துவிட்டது. சத்தமாகவே. "மேடம், இத நான் வைக்கக் கூடாது."

ஐயர் நிமிர்ந்தார். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. போச்சு, இரண்டு வருஷமும் நீர்மோரும் ஆங்கிலமும் போச்சு என்று நினைத்தேன். அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தீர்ப்பு வாசிக்கும்போது இப்படித்தான் நிற்பார் என்று நினைக்கிறேன், நான் பார்த்ததில்லை. "சம்பந்தி, மன்னிக்கணும். இவ என் அக்கா பொண்ணு இல்ல. என் பாதுகாப்புக்கு அரசாங்கம் குடுத்த போலீஸ்காரம்மா. இடுப்புல துப்பாக்கி இருக்கு. எனக்கு ரெண்டு மிரட்டல் கடுதாசி வந்துச்சு, என் வீட்ல இருக்கிறவங்களையும் சேத்து எழுதியிருந்தாங்க. சொன்னா பொண்ணு குடுக்க மாட்டீங்களோன்னு மறைச்சிட்டேன். தப்பு என்னோடது. நீங்க வேண்டாம்னு சொன்னா தட்ட எடுத்துக்கிட்டு இப்பவே கெளம்பிடுறோம், வருத்தப்பட மாட்டோம்." கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. வருத்தப்படாமல் எப்படி இருப்பார்.

பெண்ணின் அப்பா சுந்தரவடிவேல், பெயின்ட் கடைக்காரர், சாந்தமான மனுஷர், துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "கடைசிக் கடுதாசி எப்பம்மா வந்துச்சு?" என்றார். போன தை என்றார் அம்மா. அவர் மகள் பக்கம் திரும்பினார். குனிந்த தலை குனிந்தபடியே பேசியது. "எனக்குத் தெரியும்ப்பா. அவரு மொத நாள் பேசும்போதே சொல்லிட்டாரு. யோசிச்சுத்தான் சரின்னேன்." இளமாறன் தம்பி கூரையை வேடிக்கை பார்த்தார். அம்மா மகனையே பார்த்தார், ஒரு நிமிஷம் அவருக்குக் கோபப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. "அப்ப இந்த வீட்ல எனக்கு மட்டும்தான் தெரியாதா" என்றார் சுந்தரவடிவேல், யாரையும் குறிப்பாகக் கேட்காமல், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே. அதிலேயே அவர் சம்மதித்துவிட்டார் என்று எனக்குப் பட்டது.

ஆனால் பூரணத்தம்மாள் சம்மதிக்க வேண்டுமே. நேராக என்னிடம் வந்தார். பிளவைப் பார்த்தார், உள்ளே எட்டிப்பார்த்த கறுப்புக் கைப்பிடியைப் பார்த்தார், பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பி அதன் அகலத்தைப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய கைக்கு இத்தினிக்கூண்டுதான் குடுத்தாங்களா? இதுல நீ சுட்டா படுமாத்தா?"

"பத்துக்கு நாலு படும் அத்தை."

அம்மா என் பக்கம் திரும்பினார். "நாலா?"

"ஆமா மேடம். வியாழக்கிழமையே தெரியும். சொன்னா வேற ஆள் போட்டுருவீங்கன்னு சொல்லல."

அம்மா வாயைத் திறந்தார். ஆட்சேபம் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார், உட்கார்ந்ததும் தோள் குலுங்கச் சிரித்தார், அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஒன் கையளவுக்கு வேற கெடையாதாத்தா?" பூரணத்தம்மாள் என் கையை விடவில்லை.

"பெரிசு இருக்கு அத்தை. அதுல ஒம்பது படும். ஆனா அது வெளிய தெரியும்."

"தெரியட்டுமே. எங்க பொண்ணுல்ல அந்த வீட்டுக்குப் போகுது. கல்யாணத்துக்குப் பெரிசையே கட்டிட்டு வா. இப்பப் பூவ வை, புள்ளைக்குக் கழுத்து வலிக்கும்."

நான் இரண்டு கையையும் தூக்கிப் பூவை வைத்தேன்.